கர்ப்பிணிகளின் சோகையும் லூசி வில்ஸும்

எஞ்சினியருக்கு மருத்துவ வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள், நண்பர்களே! பழுது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதுதானே நம்ம தொழில்? லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆராய்ச்சியாளரும் அதைத்தான் செய்தார்.

1928-ல் அவர் பம்பாய் வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகளை ஒருவகைக் கடும் ரத்தசோகை வாட்டியது, உயிரையும் பறித்தது. கிருமியா என்று தேடினார், ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். குறை சாப்பாட்டில்தான் என்று சந்தேகம் வலுத்தது. 1929-ல் நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வு தொடர்ந்தது.

சத்தில்லாத உணவால் சோகை பிடித்த குரங்கு ஒன்று, மார்மைட் கொடுத்ததும் தேறியது. மார்மைட் வேறொன்றுமில்லை, ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற ஈஸ்ட் சாறு. விலையும் மலிவு! கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் முடிவை வெளியிட்டார்.

அதில் இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல்தான் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்து, ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையில் அந்த ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. உங்க வீட்டில் யாராவது அதை வேண்டாமென்று ஒதுக்கினால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.