மங்கி ஐலண்டுக்குக் கப்பலேறும் முன்: கடற்கொள்ளையர் ஆக விரும்புவோர்க்கு ஆறு குறிப்புகள்

1990ஆம் ஆண்டு லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்னும் கணினி விளையாட்டு, கரீபியக் கடலின் கற்பனைத் தீவொன்றில் வந்திறங்கும் கைபிரஷ் திரீப்வுட் என்னும் இளைஞனின் கதை. கடற்கொள்ளையன் ஆக வேண்டும் என்பதே அவனுடைய ஒரே இலட்சியம். அதற்கு வேண்டிய உடல்வலியோ, கொடுமனமோ, அஞ்சத்தக்க ஒரு பெயரோகூட அவனிடம் இல்லை. ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ஆகியோர் உருவாக்கிய இந்த நகைச்சுவைச் சாகசம் 2009இல் புதிய ஓவியங்களோடும் குரல்களோடும் மீண்டும் வந்தது. 2022இல் அதன் தொடர்ச்சியொன்றும் வெளியாயிற்று. முதன்முறையாக இதை ஆடப்போகும் நண்பர்கள் சிலர், தொடங்குமுன் அறிந்திருக்க வேண்டியவை எவை என்று கேட்டனர். புதிருக்கு விடை சொல்வது முறையன்று. ஆயினும், பதினேழாம் நூற்றாண்டின் இந்தியப் பெருங்கடல் வரலாற்றை ஆய்கிறவனிடம் கேட்டுவிட்டீர்கள். ஆகவே குறிப்புகள் சற்றே சுற்றுவழியில்தான் வந்து சேரும்.

முதற்குறிப்பு: கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பழைய வடிவத்தில் திரையின் அடியில் கொடு, எடு, திற, மூடு, தள்ளு, இழு என்று வினைச்சொற்கள் அணிவகுத்து நிற்கும். முதலில் வினையைச் சொடுக்கி, பின்னர்ப் பொருளைச் சொடுக்க வேண்டும். பள்ளியில் ஏவல் வினையை ஒழுங்காகப் படித்தவர்கள் பாதி வென்றவர்களே. பானை, மீன், நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி என எது கிடைத்தாலும் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கோழிக்கு எதற்குக் கப்பி என்று கேளாதீர்கள். காலம் வரும்போது அது தானே விளங்கும். மெய்யான கொள்ளையரும் பொன்னை மட்டும் தேடி அலைந்தவர்கள் அல்லர். 1718இல் சார்லஸ்டன் துறைமுகத்தை மறித்துப் பிணையாளிகளைப் பிடித்து வைத்த பிளாக்பியர்ட், அவர்களை விடுவிப்பதற்கு ஈடாகக் கேட்டது ஒரு மருந்துப் பெட்டி. நடுக்கடலில் காய்ச்சல் கண்டவனுக்குப் பொற்காசு எந்த வகையிலும் உதவாது அல்லவா?

இரண்டாம் குறிப்பு: வாட்போரில் தோற்கத் தயங்காதீர்கள்.

இத்தீவில் வாட்போரை வெல்வது கையன்று, வாய். எதிரி ஏசுவான், ஏச்சுக்குப் பொருத்தமான மறுமொழி அறிந்தவன் முன்னேறுவான், அறியாதவன் பின்வாங்குவான். எரால் ஃபிளின் நடித்த பழைய ஹாலிவுட் படங்களில் வாள்வீச்சைவிடச் சொல்வீச்சே மிகுதி என்பதைக் கண்டு இந்த முறையை வகுத்தார்கள். தோற்கும்போதெல்லாம் எதிரியின் ஏச்சொன்று உங்கள் உடைமையாகிவிடும். அதை அடுத்தவன்மேல் எறிந்து, அவன் தரும் மறுமொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். வரலாற்றுக்கும் இது முற்றிலும் மாறானதன்று. போர் நிகழ்ந்தால் கப்பலும் சரக்கும் சேதமாகும். ஆதலின் கொடியைக் காட்டி, கூச்சலிட்டு, அச்சத்தாலேயே எதிரியைப் பணியவைப்பதைக் கொள்ளையர் பெரிதும் விரும்பினர்.

மூன்றாம் குறிப்பு: கிராக்கைக் குடிக்காதீர்கள்.

தீவின் மதுக்கடையில் கிடைக்கும் கிராக் என்னும் பானம், ஊற்றிவைத்த கோப்பையையே அரித்துத் தின்னும் இயல்புடையது. அதற்கு வேறு பயன் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். உண்மையில், கிராக் கொள்ளையரின் பானமே அன்று. 1740இல் எட்வர்ட் வெர்னன் என்னும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி, மாலுமிகளின் போதையைக் கட்டுப்படுத்துவதற்காக ரம்மில் தண்ணீர் கலந்து தரச் செய்த ஏற்பாட்டிலிருந்து அது பிறந்தது. அதற்குள் கொள்ளையரின் பொற்காலம் முடிந்துவிட்டது. அவர்கள் விரும்பிக் குடித்தவற்றுள் ஒன்று பஞ்ச். ஐந்து என்று பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகப் பலரும் கருதுகின்றனர்.

நான்காம் குறிப்பு: வரைபடத்தை நம்பாதீர்கள்.

கைபிரஷுக்கு விதிக்கப்படும் மூன்று சோதனைகளுள் ஒன்று புதையலைத் தோண்டியெடுப்பது. வரைபடம் என்று விற்கப்படுவது வரைபடமாகத்தான் இருக்கும் என எண்ணிவிடாதீர்கள். பெருக்கல் குறியிட்ட புதையல் வரைபடத்தை உலகுக்குப் பரப்பியது 1883இல் நூலாக வெளிவந்த ஸ்டீவன்சனின் ‘டிரெஷர் ஐலண்ட்’. புதையல் புதைத்ததற்கு உறுதியான சான்றுடன் பெயர் பெற்றவர் வில்லியம் கிட். 1698இல் இந்தியக் கடற்பகுதியில், வங்காளத்திலிருந்து சூரத்துக்குச் சென்றுகொண்டிருந்த ‘கெடா மெர்ச்சண்ட்’ கப்பலைப் பிடித்தவர் அவர். பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின் ஆகியவை அதன் சரக்கு. மறு ஆண்டு நியூயார்க்கை அடுத்த கார்டினர் தீவில் அவர் புதைத்து வைத்ததை அதிகாரிகள் விரைவிலேயே தோண்டி எடுத்துவிட்டனர். 1701இல் லண்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார். உலகப் புகழ்பெற்ற புதையலின் முழு வரலாறு அவ்வளவுதான்.

ஐந்தாம் குறிப்பு: ஆங்கில மரபுத்தொடர் அகராதியொன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

பாலத்தில் நின்று சுங்கம் கேட்கும் பூதத்துக்கு என்ன கொடுப்பது என்பது, மீன் ஒன்றின் பெயரால் வழங்கும் ஆங்கில மரபுத்தொடரை அறியாதவர்க்கு விளங்காது. 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு கருவியின் அமெரிக்கப் பெயரை வைத்துக் கட்டிய புதிரொன்று உண்டு. அதே கருவியை ஸ்பேனர் என்று அழைக்கும் பிரிட்டனில் ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் அதில் தடுமாறினர். நம் பட்டறைகளிலும் அது ஸ்பேனர்தான். ஆகவே நீங்கள் தடுமாறினால் அது உங்கள் அறிவின் குறையன்று.

ஆறாம் குறிப்பு: சாவுக்கு அஞ்சாதீர்கள், ஆனால் யார் செத்தார்கள் என்பதை மறவாதீர்கள்.

அக்காலச் சாகச விளையாட்டுகளில் ஓரடி தவறினாலும் சாவு. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது ஆடுபவரைத் தண்டிப்பதேயன்றி வேறில்லை என்று 1989இல் கில்பர்ட் ஒரு கட்டுரையில் வாதிட்டார். எனவே கைபிரஷ் ஏறத்தாழச் சாகாவரம் பெற்றவன். பத்து நிமிடம் மூச்சடக்குவேன் என்று பெருமை பேசும் அவனை நீருக்கடியில் விட்டுவிட்டு நீங்கள் அதற்கு மேலும் காபி அருந்திக்கொண்டிருந்தாலன்றி அவனுக்கு ஆபத்து இல்லை.

கதையில் ஆளுநர் எலெய்ன் மார்லியை லெசக் என்னும் பேய்க்கொள்ளையன் கடத்திச் சென்று வலிந்து மணக்க முயல்கிறான். பெண்ணைக் கவர்ந்து சென்று மணக்கும் கொள்ளையன் என்னும் இந்தக் கதைக்கருவின் பின்னால் சூரத் நகரின் கப்பலொன்று நிற்கிறது.

1695 செப்டம்பரில் ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கொள்ளையனும் அவன் கூட்டாளிகளும், ஹஜ் பயணிகளோடு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் ‘கஞ்ஜ்-இ-சவாயி’ கப்பலைப் பிடித்தனர். பல நாள் நீடித்த கொள்ளையில் ஆண்கள் வதைக்கப்பட்டனர்; பெண்கள் சிதைக்கப்பட்டனர். மானத்துக்கு அஞ்சிச் சிலர் கடலில் குதித்தனர், சிலர் கத்தியால் தம்மை மாய்த்துக்கொண்டனர் என்று சமகால வரலாற்றாசிரியர் கஃபி கான் எழுதுகிறார். சினங்கொண்ட முகலாய அரசு சூரத்திலிருந்த ஆங்கிலேயரைச் சிறையிலிட்டது. எவரி பஹாமாவுக்குச் சென்று அங்கிருந்த ஆளுநருக்குக் கையூட்டு அளித்தான். பின்னர் எவர் கையிலும் சிக்கவேயில்லை. சிக்கிய அவன் ஆட்கள் அறுவர்மீது 1696இல் லண்டனில் வழக்கு நடந்தது. முகலாயரின் கப்பலைக் கொள்ளையடித்த குற்றத்திலிருந்து ஜூரிகள் அவர்களை விடுவித்தனர். ஆங்கிலக் கப்பலொன்றைத் திருடிய குற்றத்துக்காக மறுபடியும் வழக்குத் தொடுத்த பின்னரே ஐவர் தூக்கிலேறினர்.

அடுத்து நிகழ்ந்ததுதான் விந்தை. 1709இல் லண்டனில் வெளிவந்த ஒரு சிறுநூல், முகலாய இளவரசியை எவரி மணந்து மடகாஸ்கரில் அரசனாய் வாழ்வதாகக் கதை கட்டியது. 1712இல் அவனை மாதிரியாகக் கொண்ட ‘தி சக்ஸஸ்ஃபுல் பைரேட்’ என்னும் நாடகம் லண்டன் மேடையேறியது. வன்கொடுமை நிகழ்ந்து இருபது ஆண்டுகளும் நிறையுமுன் அது திருமணக் கதையாகிவிட்டது. கில்பர்ட்டுக்கு ஊக்கமளித்தவற்றுள் ஒன்று, டிஸ்னிலேண்டில் 1967இல் தொடங்கிய கொள்ளையர் படகுச் சவாரி. அதிலும் கொள்ளையர் பெண்களை ஏலம்விடும் காட்சி நகைச்சுவையாகவே இடம்பெற்றிருந்தது. 2018இல்தான் அதை மாற்றினர்.

இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது மங்கி ஐலண்டின் தகுதி புலனாகிறது. கொள்ளையனின் தொப்பியையும் தாடியையும் பார்த்துச் சிரிக்கும் அந்த விளையாட்டு, அவனிடம் அகப்பட்டவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. எலெய்ன் அழுது காத்திருப்பவள் அல்லள். தீவை ஆள்பவள், கைபிரஷைவிடக் கூர்மதி உடையவள். ஆகவே கடைசியாக ஒரேயொரு நேரடிக் குறிப்பைத் தந்துவிடுகிறேன்: அவளைக் காப்பாற்ற மூச்சிரைக்க ஓடுமுன், தன்னைக் காத்துக்கொள்ள அவளிடமே ஒரு திட்டம் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கஞ்ஜ்-இ-சவாயியின் பெண்களுக்கு அப்படியொரு வழி வாய்க்கவில்லை.

சிரித்து ஆடுங்கள், தடையில்லை. ஆடி முடித்தவர்கள், கப்பி பொருத்திய கோழியின் பயனைக் கண்டுபிடிக்க எத்தனை மணிநேரம் ஆயிற்று என்பதை மறைக்காமல் கீழே எழுதுங்கள்.