பிளாரன்ஸ் கண்ட மூஸா

இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலம் என்றதும் ஓவியங்களும் சிற்பங்களுமே நம் நினைவில் முந்தி நிற்கின்றன. தலைவன் எனப்படுபவன் யார் என்ற வினாவும் அக்காலத்தில் கூர்மையாக எழுந்தது. விடை தேடியோர் கிரேக்க, ரோமானிய வீரர்களோடு நில்லாமல், நாம் பெரிதும் போற்றும் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றையும் ஆராய்ந்தனர்.

1494-ல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியில் நுழைந்தது. பிளாரன்ஸ் நகரை அறுபது ஆண்டுகள் தம் பிடியில் வைத்திருந்த மெடிசி குடும்பத்தினர் விரட்டப்பட்டனர். அந்த வெற்றிடத்தில் உயர்ந்தவர் சவோனரோலா என்னும் கிறிஸ்தவத் துறவி. அவருக்கு அரச பதவியில்லை, படையுமில்லை. நாவன்மை ஒன்றே துணை. 1497-ல் அவருடைய போதனைக்கிணங்க மக்கள் ஆடம்பரப் பொருள்களைக் குவித்துத் தீயிட்டனர். அவ்வாண்டே பாப்பரசர் ஆறாம் அலெக்சாந்தர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்.

1498-ன் தொடக்கத்தில் அத்துறவி மூஸா நபியின் வரலாற்றை விளக்கிப் பிரசங்கித்தார். மூஸா எகிப்தியன் ஒருவனை வீழ்த்திய நிகழ்ச்சிக்கு, தீயோரின் குற்றங்களைப் போதகர் வெளிப்படுத்தி வீழ்த்துவதே அது என்று பொருள் உரைத்தார். கேட்டிருந்தோருள் ஒருவர் இருபத்தெட்டு வயது மாக்கியவெல்லி. அவ்வாண்டு மார்ச்சில் எழுதிய கடிதமொன்றில் இதனை அவர் ஐயத்தோடு குறித்துள்ளார். மே 23-ஆம் நாள், நகரின் பெருஞ்சதுக்கத்தில் சவோனரோலா தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், மெடிசியர் மீண்டபோது பதவியிழந்து சிறையும் சித்திரவதையும் கண்ட மாக்கியவெல்லி, 1513-ல் ‘இளவரசன்’ நூலை எழுதினார். பாரசீகத்தின் சைரஸ், ரோமின் ரோமுலஸ் ஆகியோருடன் மூஸாவையும் அரசு நிறுவியோர் வரிசையில் வைத்தார். அவர் இறைவனின் ஆணையை நிறைவேற்றியவர் எனத் தனித்துச் சொல்லியபோதும், மற்றவர்களின் செயல் அவருடையதினின்று வேறுபடவில்லை என்றார். படைபலமுடைய தீர்க்கதரிசிகளே வென்றனர் என்பது அவர் தீர்ப்பு. தோற்றவருக்குச் சான்று, தாம் கண்ட சவோனரோலா.

இத்தீர்ப்பை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. மக்களை நம்பவைப்பது எளிது, நம்பிக்கையில் நிலைநிறுத்துவதே அரிது என்கிறார் அவர். தலைவர் தூர் மலைக்குச் சென்ற நாற்பது இரவுகளுக்குள் காளைக் கன்றை வணங்கத் துணிந்த சமூகத்தை நாமும் அறிவோம்.

ஆயினும் வரலாற்றின் முற்பகுதியை அவர் எடைபோடவில்லை. ஃபிர்அவ்னின் அவைக்குச் சென்றபோது மூஸா (அலை) அவர்களிடம் படையேதுமில்லை. ஒரு கைத்தடியும் ஒரு சகோதரருமே உடனிருந்தனர். தம் நாவின் தயக்கத்தை மறைக்காது, ஹாரூன் (அலை) அவர்களைத் துணைவராகத் தருமாறு இறைவனிடம் வேண்டியவர் அவர். தம் குறையை ஒப்புக்கொள்ளும் அடக்கம் தலைமையின் இலக்கணம் ஆகாதா?

துறவி அவரிடம் நாவை மட்டும் கண்டார்; அரசியலறிஞர் வாளை மட்டும் கண்டார். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதையே எடுத்துக்கொண்டனர். நபிமார்களின் பெயரால் தலைமை கோருவோர் எக்காலத்திலும் உளர். அவர்கள் எதை எடுத்துக்கொண்டனர் என்பதோடு, எதை விட்டுவிட்டனர் என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும்.