வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

திருக்கனூர் பக்கம் இப்போது கல்யாணமோ, காதுகுத்தோ, தேர்த் திருவிழாவோ, எதுவானாலும் தலைக்கு மேல் ட்ரோன் ரீங்காரம் கேட்கிறது. வீடியோ எடுக்கும் தம்பிகள் அதைப் பறக்க விடும் முன், கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு கறுப்புக் கண்ணாடியை அதன் காமிராவில் மாட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். "போட்டோவுக்கு வெளிச்சம் வேண்டும் என்றுதானே ஸ்டூடியோவில் விளக்குப் போட்டு உட்கார வைத்தார்கள்? இவர்கள் வெளிச்சத்தை மறைக்கிறார்களே!" என்று நம் வயதுக்காரர்கள் சிலர் கேட்டார்கள். அந்தக் கண்ணாடிக்கு என்.டி. ஃபில்டர் என்று பெயர். அதற்குப் பின்னால் முன்னூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. புதுச்சேரியும் அதில் ஓரிடத்தில் வருகிறது.

தொடக்கம் பிரான்சில். 1698இல் பிறந்த பியேர் பூகே என்ற கணித மேதை, ஒளி எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்பது பற்றி 1729இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொன்னது எளிய விஷயம். ஒரு கண்ணாடி வெளிச்சத்தைப் பாதியாக்கினால், அதே மாதிரி இரண்டாவது கண்ணாடி மீதியையும் பாதியாக்கும். அதாவது கால் பங்கு மிஞ்சும். மூன்றாவது வைத்தால் அரைக்கால். கழித்துக்கொண்டே போவதில்லை, வகுத்துக்கொண்டே போகிறது. அந்த மனிதர் மெழுகுவர்த்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சூரிய ஒளி முழுநிலவின் ஒளியைப் போல் சுமார் 3,00,000 மடங்கு என்று கணக்கிட்டார். வேறு கருவி எதுவும் இல்லாத காலத்தில்!

அந்நாளில் இருண்ட கண்ணாடி அதிகம் தேவைப்பட்டது சூரியனைப் பார்த்த வானியலாருக்குத்தான். புகை படிய வைத்த கண்ணாடி அல்லது அடர்ந்த நிறக் கண்ணாடி இல்லாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பினால் கண் போய்விடும். அப்படிச் சூரியனைப் பார்ப்பதற்கென்றே புதுச்சேரிக்கு வந்தவர் கியோம் லெ ஜாந்தி.

வெள்ளிக் கிரகம் சூரியனின் முகத்தைக் கடந்து போவதைப் பல ஊர்களிலிருந்து பார்த்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். அதற்காக லெ ஜாந்தி 1760 மார்ச்சில் பிரான்சை விட்டுக் கிளம்பினார். மாகே அருகே வந்தபோதுதான் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது தெரிந்தது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடுகிற கப்பலிலிருந்து வெள்ளியைப் பார்த்தார். ஆடும் தளத்தில் எடுத்த கணக்கால் பயன் இல்லை. அடுத்தது எட்டு ஆண்டு கழித்துத்தான். ஊர் திரும்பாமல் காத்திருந்தார் மனிதர்.

1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்த ஆங்கிலேயர், பழைய பகையை ஒதுக்கிவிட்டு, நல்ல தொலைநோக்கி ஒன்று அனுப்பினார்கள். காத்திருந்த நாட்களில் நம் தமிழ்க் கணிதர்கள் சோழி வைத்துக் கிரகணம் கணிப்பதைக் கற்றுக்கொண்டு, அதை மதித்துத் தன் புத்தகத்திலும் எழுதினார். (நம்மவர்களே மறந்துவிட்ட வித்தையை ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெருமையா வருத்தமா, சொல்லத் தெரியவில்லை.)

1769 ஜூன் 3 இரவு வானம் தெளிவாக இருந்தது. விடியற்காலை மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடியும்வரை சூரியன் தெரியவில்லை. முடிந்த கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று வெயில் அடித்தது! ஒன்பது வருடம் காத்திருந்தவருக்கு, கண்ணாடிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. 1771இல் ஊர் போய்ச் சேர்ந்தால், இறந்துவிட்டதாக நினைத்து வாரிசுகள் சொத்தைப் பங்கு போடும் ஏற்பாட்டில் இருந்தார்கள்.

இனி போட்டோவுக்கு வருவோம். 1858இல் பாரிஸ் அருகே பலூனில் ஏறி நாதார் என்பவர் வானிலிருந்து முதல் படம் எடுத்தார். அந்தக் காலத் தகடுகள் மந்தமானவை, இருக்கிற வெளிச்சமே போதாது. பிறகு பிலிம் சுறுசுறுப்பானது. வெளிச்சம் அதிகமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினார்கள். நம் வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் டப்பாக் காமிராவில்கூட வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை என்று திருப்புவோமே, அதுதான்.

சிறு ட்ரோன்கள் பலவற்றில் அந்தத் துவாரம் சுருங்காது. உச்சி வெயிலில் காமிரா என்ன செய்யும்? நேரத்தைக் குறைக்கும். துவாரம் எஃப் 2.8 என்றால், ஒவ்வொரு படத்தையும் நொடியில் 3,200இல் ஒரு பங்கில் எடுத்தாக வேண்டும். ஒற்றைப் படத்துக்கு அது நல்லதுதான், கரும்புத் தோகை ஒவ்வொன்றும் கூர்மையாக விழும். வீடியோவில்தான் வம்பு. நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் கல்லாய் உறைந்த படம். அடுத்தடுத்து ஓடும்போது தேர் உருண்டு வருவதாகத் தெரியாது, வெட்டி வெட்டி நகரும். படத்துக்கு நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் அசைவு லேசாக இழுபட்டு, கண்ணுக்கு இயல்பாக ஓடும். சினிமாக்காரர்கள் ரொம்ப நாளாகக் கடைப்பிடிக்கும் கணக்கு இது.

3,200ஐ 50ஆல் வகுத்தால் 64. ஆகவே வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும் கண்ணாடி வேண்டும். இரண்டை ஆறு முறை பெருக்கினாலும் 64. பூகே சொன்ன "பாதியாக்கும் கண்ணாடி" ஆறு அடுக்கினால் வருவதும் அதுவே. கடையில் என்.டி. 64 என்று விற்கிறார்கள். காலை, மாலை வெயிலுக்கு 8 அல்லது 16 போதும். சில கண்ணாடிகளில் 64 என்பதற்குப் பதில் 1.8 என்று போட்டிருக்கும். அது மடக்கைக் கணக்கு. இரண்டின் மடக்கை 0.3, ஆறு முறை கூட்டினால் 1.8. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பூவார், ரத்தினே தொகுத்த மடக்கை அட்டவணை நினைவிருக்கும். ரத்தினே என்பவரை ரத்தினம் என்றே நாங்கள் கூப்பிடுவோம்.

"நியூட்ரல்" என்பதன் பொருள், எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கும் என்பது. மட்டமான கண்ணாடி சிவப்பை அதிகம் விட்டுவிடும். மணப்பெண்ணின் பட்டுப்புடவை நிறம் மாறி, வீட்டில் சண்டை வரும். இன்னொன்று, ட்ரோன் மேலே போனபின் மேகம் மூடினால் இறக்கித்தான் கண்ணாடியை மாற்ற வேண்டும். லெ ஜாந்தியின் மேகம் இவர்களையும் விடவில்லை.

பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2031 மே 21 அன்று தென்னிந்தியாவில் கங்கண சூரிய கிரகணம் தெரியப் போகிறது. கறுப்பாக இருக்கிறதே என்று இந்த ட்ரோன் கண்ணாடியைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்க்க விடாதீர்கள். இது 64இல் ஒரு பங்கை உள்ளே விடும். சூரியனைப் பார்க்க லட்சத்தில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரையும் தடுக்க வேண்டும். நம் காலத்துப் புகைக் கண்ணாடியும் எக்ஸ்ரே பிலிமும்கூடப் பாதுகாப்பில்லை என்றே கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கிரகணம் பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடியை வாங்கிக் கொடுங்கள்.