ஜன்னலோரச் செடியும் பத்தாயிரம் டாலர் செக்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

நாடகம் என்றால் நமக்கு வசனம்தான் முதலில் நினைவுக்கு வரும். மேடையில் கிடக்கும் சாமான்களை யார் பார்க்கிறார்கள்? ஆனால் சில குடும்ப நாடகங்களில், ஆட்கள் சொல்லத் தயங்குவதைச் சாமான்கள் சொல்லிவிடும். அப்படி ஒன்று, 1959 மார்ச் 11 அன்று நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறிய 'எ ரெய்சின் இன் தி சன்'. எழுதியவர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. அப்போது அவருக்கு 28 வயது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வே மேடை ஏறியது அதுதான் முதல் முறை. இயக்கிய லாயிட் ரிச்சர்ட்ஸும் கறுப்பினத்தவரே. 530 காட்சிகள் ஓடியது.

கதை நடப்பது சிகாகோவின் தென்பகுதியில், யங்கர் குடும்பத்தின் சிறிய வாடகை வீட்டில். அம்மா லீனா, மகன் வால்டர் லீ, மருமகள் ரூத், டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் மகள் பெனீத்தா, பேரன் டிராவிஸ். ஐந்து பேர். பேரனுக்குப் படுக்கை கூடத்து சோபாவில்தான். கழிப்பறை வெளியே நடையில், பக்கத்து வீட்டாருக்கும் அதே. காலையில் யார் முதலில் போவது என்ற அவசரத்தோடுதான் நாடகமே தொடங்குகிறது.

ஹான்ஸ்பெரி முதலில் நமக்குக் காட்டுவது அந்தக் கூடத்துத் தட்டுமுட்டுச் சாமான்களை. ஒருகாலத்தில் ஆசை ஆசையாக வாங்கியவை. இப்போது தேய்ந்து களைத்துப் போனவை. கம்பளம் கிழிந்த இடத்தை மறைக்க நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது. நம் வீடுகளில் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் காலண்டர் மாட்டியதில்லையா?

அந்த வீட்டில் வெளிச்சம் வருவது ஒரே ஒரு சின்ன ஜன்னல் வழியாக. அங்கேதான் லீனா ஒரு சிறு தொட்டிச் செடியை வைத்திருக்கிறாள். வதங்கிய செடி. ஆனாலும் சாகவில்லை. காலையில் எழுந்து வந்ததும் அவள் போய்ப் பார்ப்பது அதைத்தான். தெற்கு மாநிலத்திலிருந்து கணவனோடு சிகாகோ வந்தவள் அவள். ஒரு வருஷத்துக்குள் சொந்த வீடு, பின்னால் ஒரு தோட்டம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. வருஷங்கள் போயின, கணவனும் போய்விட்டான். மிஞ்சியது அந்தத் தொட்டி மட்டும்.

கணவனின் ஆயுள் காப்பீட்டுப் பணமாக 10,000 டாலர் செக் தபாலில் வருகிறது. வீடே அதற்காகக் காத்துக் கிடக்கிறது. வந்ததும் லீனா பூஜ்யங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பேரனைக் கேட்கிறாள். அப்புறம் முகம் வாடிவிடுகிறது. ஒரு மனிதன் உழைத்து உழைத்துச் செத்ததற்கு விலை அந்தத் தாள். வால்டருக்கு அது மதுக்கடை போடும் முதல். தங்கைக்குப் படிப்பு. லீனாவுக்கு வீடு. ஒரே காகிதம், ஆளுக்கு ஒரு பொருள்.

செக்கைவிட எனக்குப் பிடித்தது முதல் காட்சியில் வரும் சில்லறை. பள்ளிக்கு 50 சென்ட் வேண்டும் என்கிறான் டிராவிஸ். இல்லை என்கிறாள் ரூத். வால்டர் கெத்தாக அதைக் கொடுத்து, மேலே இன்னொரு 50 சென்டும் கொடுக்கிறான். சற்று நேரத்தில் வேலைக்குப் போக வண்டிச் சத்தம் இல்லாமல் மனைவியிடமே வந்து நிற்கிறான். இந்தக் காசு போதும், அந்த மனிதனைப் பற்றி வேறு விளக்கமே வேண்டாம்.

லீனா 3,500 டாலர் முன்பணம் கட்டி, வெள்ளையர் மட்டும் வாழும் கிளைபோர்ன் பார்க்கில் வீடு பிடிக்கிறாள். மீதி 6,500 மகன் கையில். அதில் 3,000 தங்கையின் படிப்புக்கு. அவன் மொத்தத்தையும் கூட்டாளியிடம் கொடுத்து ஏமாறுகிறான். இதற்கிடையே அந்தப் பகுதிச் சங்கத்தின் ஆள் லிண்ட்னர் வருகிறார். மரியாதையாகப் பேசுகிறார், கூடுதல் விலை தருகிறோம், வராதீர்கள் என்கிறார்.

அவர் போன பிறகு பிள்ளைகள் அம்மாவுக்குத் தோட்டக் கருவிகளைப் பரிசளிக்கிறார்கள். பேரன் பெரிய தோட்டத் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பணம் போன செய்தி வாசலில் வந்து நிற்கிறது. மண்ணே இல்லாத வீட்டில் மண்வெட்டி! அந்தக் கருவிகள் மேடையில் அப்படியே கிடக்க, பார்ப்பவர்களுக்குத் தாங்காது.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1937-இல் லொரெய்னின் அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி சிகாகோவில் வெள்ளையர் பகுதியான ரோட்ஸ் அவென்யூவில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கும் விட மாட்டோம் என்று அங்குள்ள சொந்தக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். கும்பல் கூடியது. எறிந்த கல் சிறுமி லொரெய்ன் மேல் படாமல் மயிரிழையில் தப்பியது. இரவெல்லாம் அம்மா கையில் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிக் காவல் இருந்ததை லொரெய்ன் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1940-இல் ஹான்ஸ்பெரி பக்கம் தீர்ப்பானது. ஆனால் எப்படி? அந்த ஒப்பந்தம் செல்ல 95 விழுக்காட்டுக் கையெழுத்து வேண்டும். இருந்ததோ சுமார் 54. அது செல்லும் என்று முந்தைய வழக்கு ஒன்றில் வந்த தீர்ப்பு, அதில் கட்சிக்காரரே அல்லாத இவர்களைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தமே அநியாயம் என்று சொல்லவில்லை. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது. கார்ல் 1946-லேயே, அமெரிக்காவே வேண்டாம் என்று குடியேறத் திட்டமிட்டிருந்த மெக்சிகோவில் இறந்துவிட்டார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹான்ஸ்பெரி குடும்பம் யங்கர் குடும்பத்தைப் போல ஏழை அல்ல. கார்ல் வீட்டுமனைத் தொழில் செய்தவர். பெரிய வீடுகளைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டவர். அதாவது, யங்கர் குடும்பம் மூச்சுத் திணறும் மாதிரியான இடங்கள். மகள் எழுதியது அப்பாவின் குடித்தனக்காரர்கள் கதையை. அதனால்தான் அந்தக் கம்பளமும் ஜன்னலும் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்பது என் எண்ணம்.

சட்டம் கைவிட்ட பிறகு மிஞ்சியது பணமும் மிரட்டலும். லிண்ட்னர் கோர்ட் நோட்டீசோடு வராமல் விலை பேச வருவதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மிரட்டலுக்கும் உதாரணம் உண்டு. 1951 ஜூலையில் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஹார்வி கிளார்க் என்ற பேருந்து ஓட்டுநர் குடும்பம் ஒரு வாடகை வீட்டுக்குச் சாமான்களைக் கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது. சாமான்களை ஜன்னல் வழியாக வீசிக் கொளுத்தினார்கள். தேசியக் காவல்படையை அழைக்க வேண்டியதாயிற்று. நாடகம் பார்க்க வந்த சிகாகோக்காரர்களுக்கு, கட்டி வைத்த பெட்டிகளை மேடையில் பார்த்ததும் இது நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

கடைசியில் வால்டர், மகன் பார்த்திருக்க, லிண்ட்னரின் பணத்தை மறுக்கிறான். எல்லாரும் இறங்கிப் போகிறார்கள். லீனா தனியே நின்று சுவர்களைப் பார்த்துவிட்டு வெளியேறுகிறாள். மேடை காலி. கதவு மறுபடி திறக்கிறது. ஓடி வந்து அந்தச் செடித் தொட்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். புது வீட்டில் அவர்களுக்கு என்ன ஆகும் என்று ஹான்ஸ்பெரி எழுதவில்லை. அவரும் 1965-இல் 34 வயதில் புற்றுநோயால் மறைந்தார்.

1961-இல் இது திரைப்படமாகவும் வந்தது. சிட்னி பாய்ட்டியே உட்பட மேடையில் நடித்த பலர் அதிலும் நடித்தார்கள். கிடைத்தால் பாருங்கள். வசனம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை அந்த ஜன்னல் மேல் வையுங்கள். பார்த்தவர்கள் கீழே இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.