கேட்டலினா 22: ஒரு சிறு பாய்ப்படகின் அமைப்பும் பாய் அளவுகளும்

கேட்டலினா 22 என்பது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் பிராங்க் பட்லர் என்பவரால் வடிவமைக்கப்பெற்று, அவர் நிறுவிய கேட்டலினா யாட்ஸ் நிறுவனத்தின் முதற் படைப்பாக 1969ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த கண்ணாடியிழைப் பாய்ப்படகு. மோட்டார் காரின் பின்னே கோத்த டிரெய்லரில் ஏற்றி, வீட்டு முற்றத்திலிருந்து ஏரிக்கோ கடற்கழிக்கோ இழுத்துச் செல்லத்தக்க படகுகளில் இதற்கு நிகரான ஜனசம்மதம் பெற்றவை மிகச் சில. 15,000க்கு மேற்பட்ட படகுகள் கட்டப்பெற்றதே அதற்குப் போதிய சான்று. துறைமுகத்தில் மாதவாடகை கொடுத்துப் படகை நிறுத்திவைக்கும் சக்தியற்ற நடுத்தரக் குடும்பங்களுக்குப் பாயோட்டும் இன்பத்தைத் திறந்துவிட்டது இப்படகின் பெருஞ்சிறப்பு.

இதன் அளவுகள் பலவற்றுக்கும் மூலகாரணம் நெடுஞ்சாலையிலே இருக்கிறது. அக்காலத்தில் அமெரிக்கச் சாலைகளில் சிறப்பு அனுமதியின்றிச் செல்லும் வண்டிச் சுமையின் அகலம் பொதுவாக 8 அடியைத் தாண்டலாகாது என்பது விதி; ஆதலால் படகின் அகலம் 7 அடி 8 அங்குலத்தோடு நின்றுவிட்டது. மொத்த நீளம் 21 அடி 6 அங்குலம். மிதக்கும் நிலையில் நீர்மட்டத்தில் அளந்த நீளம் 19 அடி 4 அங்குலம். ஊஞ்சல் ஏரா, அதாவது மேலே தூக்கத்தக்க அடித்தகடு, பொருத்திய படகின் எடை 2,250 பவுண்டு, அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மிகுதி. சாதாரணக் கார் இழுக்கக்கூடிய பாரத்துக்குள் படகை அடக்கவேண்டும் என்ற நோக்கம் இவ்வெண்ணில் வெளிப்படை.

உடலுக்குக் கண்ணாடியிழையைத் தேர்ந்ததிலும் சாலைப் பிரயாணத்தின் தேவையே பேசுகிறது. பலகை இழைத்துக் கட்டிய மரப்படகை வாரக்கணக்கில் கரையிலே காயவிட்டால் பலகைகள் சுருங்கி, மூட்டுகள் திறந்து, மறுபடி நீரில் இறக்கும்போது ஊறி அடைபடும்வரை உள்ளே நீர் கசியும். அச்சுக்குள் ரெசினும் கண்ணாடியிழைத் துணியும் அடுக்கடுக்காகப் பதித்து ஒரே ஓடாக வார்த்தெடுத்த உடலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறு மாதம் டிரெய்லரிலேயே கிடந்தாலும் நீரில் இறக்கிய கணமே அது பயணத்துக்கு ஆயத்தம்.

வடிவமைப்பின் ஜீவநாடி எனத்தக்கது இதன் ஏரா. காற்றின் பக்கவாட்டு விசையை எதிர்த்துப் படகைச் சரியாமல் தாங்கவும், காற்றுக்கு எதிர்முகமாக ஏறிச் செல்லும்போது வழுவாமல் நிறுத்தவும், படகின் அடியில் ஆழமும் பாரமும் கூடிய தகடொன்று வேண்டும், அதுவே ஏரா. ஆனால் ஆழமான ஏரா உடைய படகு டிரெய்லரில் உயர்ந்து நிற்பதோடு, படகை நீரில் இறக்கும் சரிவுத்தளத்தின் ஆழமற்ற நீரில் மிதக்கவும் மறுக்கும். முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் பட்லர் ஒரு சுழலாணியால் இணைத்தார். 550 பவுண்டு எடையுள்ள வார்ப்பிரும்பு ஏரா, முன்முனையில் உள்ள தடித்த ஆணியைப் பற்றி ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். கீழிறக்கினால் படகு நீரில் 5 அடி ஆழம் அமிழும், மேலேற்றினால் 2 அடியோடு நிற்கும். அறைக்குள் இறங்கும் படியின் கீழே பொருத்திய கைச்சக்கரம் கம்பிவடத்தைச் சுருட்டி ஏராவைத் தூக்குகிறது. படகு விரைந்தோடும்போது இவ்வடம் நீரில் அதிர்ந்து எழுப்பும் ரீங்காரத்தை இப்படகு ஓட்டியவர் அனைவரும் அறிவர். நிலையான ஏரா பொருத்திய படகுகளும் விற்பனைக்கு வந்தன. அவை மூன்றரை அடி அமிழ்வன.

இவ்வமைப்புக்கு உரிய அபாயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வடம் இற்றுப்போனால் அத்தனை பாரமும் ஒரே வேகத்தில் விழுந்து படகின் அடிப்பகுதியைச் சிதைக்கக்கூடும். சுழலாணி தேய்ந்தால் ஏரா ஆடி ஆடித் துளையை அகலமாக்கும். ஆகையால் வடம், ஆணி, கைச்சக்கரம் ஆகிய மூன்றையும் பருவந்தோறும் சோதிப்பது உரிமையாளனின் கடமை. ஏரிகளும் விரிகுடாக்களும் கரையோரக் கடலுமே இப்படகின் இயல்பான க்ஷேத்திரம். பெருங்கடலைத் தாண்டுவது இதன் நோக்கமன்று.

பாய்மரம் சுமார் 25 அடி நீளமுள்ள அலுமினியக் குழல். அது படகின் அடிவரை இறங்காமல் மேல்தளத்தில் ஒரு கீல்மேல் நிற்பதனால், முன்புறக் கம்பிகளைக் கழற்றிவிட்டு இருவர் சேர்ந்து பின்னோக்கிச் சாய்த்துப் படுக்கவைக்கலாம். பாய்மரத்தின் பின்னே ஒரு பெரும்பாய், முன்னே உச்சியிலிருந்து அணியம்வரை ஓடும் கம்பியில் ஒரு முன்பாய் என இரண்டே பாய்கள்.

பாய் தைப்பவர்கள் இத்தகைய படகின் பாயமைப்பை ஐ, ஜே, பி, ஈ என்னும் நான்கு குறிகளால் சொல்லிவிடுவார்கள். ஐ என்பது மேல்தளத்திலிருந்து முன்கம்பி பாய்மரத்தைத் தொடும் இடம்வரை உள்ள உயரம், இங்கே 25.83 அடி. ஜே, பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து அக்கம்பி தளத்தில் பொருந்தும் இடம்வரை. சரியாக 8 அடி. பி என்பது பெரும்பாய் மரத்தை ஒட்டி ஏறும் உயரம், 21 அடி. ஈ என்பது பாயின் அடிப்புறம் கிடைச்சட்டத்தில் நீளும் தூரம், 9.66 அடி. முக்கோணத்தின் பரப்பைக் காணும் பள்ளிக்கூடக் கணிதம் இங்கே போதும்: பெரும்பாய் 101.43 சதுர அடி, ஐயும் ஜேயும் அமைக்கும் முன்முக்கோணம் 103.32 சதுர அடி, கூட்டினால் 204.75 சதுர அடி. நிறுவனம் வெளியிட்ட விவரத்தில் 212 சதுர அடி என்று காணப்படுவதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. முக்கோணக் கணக்கு ஒரு பொது அளவுகோலே தவிர, உண்மையில் தைக்கப்பெற்ற துணியின் பரப்பன்று.

மெல்லிய காற்றில் வழக்கமான முன்பாய்க்குப் பதிலாக ஜெனோவா என்னும் பெரிய முன்பாயை ஏற்றுவர். அதன் அளவு ஜேயின் சதவிகிதமாகக் குறிக்கப்பெறும்: 150 சதவிகித ஜெனோவா என்றால், கம்பியிலிருந்து பாயின் பின்மூலைவரை செங்குத்தாக அளந்த தூரம் 12 அடி; அதாவது பாய் பாய்மரத்தைத் தாண்டிப் பின்னே படியும். பாய்ப்பரப்பை எடையோடு ஒப்பிட வடிவமைப்பாளர் பயன்படுத்தும் விகித எண் இப்படகில் 19ஐ ஒட்டி அமைவதனால், சிறு காற்றிலும் இது உற்சாகமாக நகரும். காற்று வலுத்தாலோ, பாரம் குறைந்த படகாதலால் பாயை நேரத்தோடு சுருக்கவேண்டும். நீர்மட்ட நீளம் விதிக்கும் எல்லை மணிக்கு 5.9 கடல்மைல்; எத்தனை பாய் விரித்தாலும் சாதாரணமாக அதைக் கடப்பதற்கில்லை.

படகின் அகலத்தைக் கட்டிய சாலை விதி பின்னர் தளர்ந்தது: 1982இல் இயற்றப்பட்ட அமெரிக்க மத்தியச் சட்டம் பெருஞ்சாலைகளில் எட்டரை அடி அகலத்தை அனுமதித்தது. 1995இல் வந்த இப்படகின் இரண்டாம் வடிவம் அந்தச் சலுகையைப் பயன்படுத்தி, நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் பக்கங்களை விரித்து 8 அடி 4 அங்குல அகலம் பெற்றது. உள்ளறை விசாலமாயிற்று, பாய்மரமும் பாய்களும் மாறவில்லை. ஆயினும் பழைய படகுகளோடு சமமாகப் பந்தயம் ஓடவேண்டும் என்று விரும்பியவர்களுக்காக, முதல் வடிவின் அளவுகளுக்கே திரும்பிச் செல்லும் ஸ்போர்ட் என்னும் வடிவையும் நிறுவனம் பிற்காலத்தில் கட்டியது.