போர்பன் விஸ்கி: டாஸ்மாக் சரக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? லேபிளில் எதைப் பார்க்கணும்?

ஸ்ரீபெரும்புதூர், மண்ணூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. ட்ரெயினிங்குக்காக வெளிநாடு போன டீம் லீடர், டியூட்டி ஃப்ரீ கவரில் ஒரு பாட்டிலோடு திரும்பி வருவார். ரூமில் நாலு பேர் கூடுவாங்க. முதல் ரவுண்டிலேயே கோலா ஊத்திடுவாங்க. "இதுவும் நம்ம சரக்கு மாதிரிதானே இருக்கு?" என்று ஒருத்தர் கேட்பார். கோலா ஊத்தினா எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும்!

அந்த பாட்டிலில் 'போர்பன்' என்று எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. (டீக்கடை பிஸ்கட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.)

போர்பன் என்றால் என்ன?

அமெரிக்காவில் தயாராகும் ஒரு விஸ்கி வகை. 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதை அந்த நாட்டுக்கே உரிய தனித்துவமான பொருள் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. பெரும்பகுதி கென்டக்கி மாநிலத்தில் தயாரானாலும், அமெரிக்காவில் எங்கு தயாரித்தாலும் போர்பன்தான்.

விதிகள் கறாரானவை. தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்கணும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வைக்கணும். பீப்பாய்க்குள் போகும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முக்கியமாக, கலரும் சேர்க்கக் கூடாது, ஃபிளேவரும் சேர்க்கக் கூடாது. கண்ணாடி டம்ளரில் தெரியும் அந்தச் செம்பழுப்பு நிறம் முழுக்க மரம் கொடுத்தது.

அப்போ நம்ம ஊர் விஸ்கி?

மது ஆலை இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்லை. மண்ணூருக்குப் பக்கத்தில் மேவளூர்க்குப்பத்தில் எம்பீ நிறுவனம் ஆலை வைத்திருந்தது. ஒரகடம் தாண்டி படப்பையில் மிடாஸ் கோல்டன் ஆலை. ஆனால் இந்தியாவில் சாதாரண விலையில் விற்கும் விஸ்கியில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை தானியம் இல்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் என்ற கழிவுப் பாகிலிருந்து எடுக்கும், மணம் குணம் இல்லாத சுத்தமான ஆல்கஹால்தான் அடிப்படை. அதில் கொஞ்சம் மால்ட் விஸ்கி, கேரமல் நிறம், ஃபிளேவர் சேர்த்தால் பாட்டில் ரெடி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. தானியத்திலிருந்து வந்தால்தான் அங்கே விஸ்கி.

இதற்காக நம்ம சரக்கு விஷம், அமெரிக்க சரக்கு அமிர்தம் என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு பொருள், அவ்வளவுதான்.

ஒரு போர்பனுக்கும் இன்னொன்றுக்கும் ருசி ஏன் மாறுது?

சுவாரசியமே இங்கேதான். மக்காச்சோளம் எல்லாத்திலும் உண்டு, இனிப்பு அதிலிருந்து வருது. துணைக்கு என்ன தானியம் போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பெரும்பாலான கம்பெனிகள் ரை என்ற தானியத்தைச் சேர்க்கின்றன. அது மிளகு, சுக்கு மாதிரி ஒரு காரத்தைக் கொடுக்கும். 'மேக்கர்ஸ் மார்க்' ரை சேர்ப்பதே இல்லை, அதற்குப் பதில் கோதுமை. அதனால் காரம் இல்லாமல், பன் மாதிரி மென்மையாக இறங்கும். கழுத்தில் சிவப்பு மெழுகு வழிந்திருக்கும் பாட்டில் அதுதான்.

'புல்லெட்' எதிர்த் திசை. அதில் ரை மட்டும் 28%. இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால், இதுவரை விஸ்கியே குடிக்காதவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். ரெண்டுமே 45% ஆல்கஹால் என்பதால் ஒப்பிடவும் வசதி. 'உட்ஃபோர்ட் ரிசர்வ்' 18% ரையோடு நடுவில் நிற்கும். 'ஃபோர் ரோஸஸ்' கதை தனி. ரெண்டு தானியக் கலவை, அஞ்சு வகை ஈஸ்ட், ஆக மொத்தம் 10 ரெசிபி. பிரியாணிக்கு 10 மசாலா வைத்திருக்கும் பாய் கடை மாதிரி!

'ஜாக் டேனியல்ஸ்' போர்பனா என்று கேட்காத ஆள் இல்லை. டென்னசி மாநிலத்தில், பீப்பாயில் ஊற்றும் முன் மேப்பிள் மரக்கரியில் வடிகட்டுகிறார்கள். அதனால் டென்னசி விஸ்கி என்றே விற்கிறார்கள்.

லேபிளில் தேட வேண்டிய சொற்கள்

'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது 2 வருஷம் ஊறியது. 4 வருஷத்துக்குக் குறைவு என்றால் வயதை எழுதியே ஆகணும். 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருந்தால், 1897-ல் கலப்படத்தைத் தடுக்கப் போட்ட சட்டப்படி, ஒரே ஆலையில், ஒரே சீசனில் தயாராகி, குறைந்தது 4 வருஷம் ஊறி, சரியாக 50% ஆல்கஹாலில் அடைத்தது.

வயசு கூடினால் ருசி கூடுமா? போர்பனில் அப்படிச் சொல்ல முடியாது. புதுப் பீப்பாய் என்பதால் ரொம்ப வருஷம் விட்டால் மரத்தின் கசப்பு ஏறிவிடும். ஒரு போர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்ற முடியாது. அதனால் பழைய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குப் போகின்றன, பெங்களூரு அம்ருத் ஆலைக்கும் வருகின்றன. நம்ம வெயிலில் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிவிடும். ஸ்காட்லாந்தில் சுமார் 2 சதவீதம்தான்.

எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

ஒவ்வொன்றிலும் 15 மில்லி போதும். முதலில் ஐஸ், கோலா, சோடா எதுவும் வேண்டாம். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்து பாருங்கள், மூக்கு எரியாது. வெண்ணிலா, கருகின சர்க்கரைப் பாகு, சிலதில் கருப்பட்டி வாசனைகூட வரும். ஒரு சின்ன வாய் குடித்துவிட்டு, சில சொட்டு தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். ஆல்கஹால் குறைவானதில் தொடங்கி அதிகமானதுக்குப் போகணும். மிளகாய் பஜ்ஜி, சிக்கன் 65 எல்லாம் அப்புறம். காரம் நாக்கில் ஏறினால் ரையின் காரம் தெரியாது.

விலை ஏன் இவ்வளவு?

2025 பிப்ரவரியில் போர்பனுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. 1,000 ரூபாய்க்கு வந்து இறங்கும் பாட்டில், வரியோடு 2,500 ஆனது 2,000 ஆகும். ஆனால் மது ஜிஎஸ்டிக்குள் இல்லை. மாநில வரிகள் தனியாக ஏறுவதால், கடைக்கு வரும்போது அந்தக் குறைப்பு பெரிதாகத் தெரியாது.

"பாதி விலைக்கு ஃபாரின் பாட்டில்" என்று யாராவது ரூமுக்கே கொண்டு வந்தால் உஷார். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். லைசென்ஸ் இல்லாமல் விற்பது குற்றம், காலி பாட்டிலில் வேறு சரக்கு ஊற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஒரு பெக் என்பது ஒரே அளவா?

இல்லை. நம்ம ஊர் விஸ்கி வழக்கமாக 42.8%. 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 25.7 மில்லி. 'வைல்ட் டர்க்கி 101' 50.5%, அதே 60 மில்லியில் 30 மில்லியைத் தாண்டும். "எப்பவும் மூணு பெக்தான்" என்று கணக்கு வைப்பவர், இதில் மூணு குடித்தால் பழைய கணக்கில் மூன்றரை. ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.