ஆகாயக் கலங்களின் நாமகரணம்

தமிழ்க் காவியங்களில் மனிதர் கையால் செய்யப்பெற்று மனிதர் கையாலேயே செலுத்தப்பெற்ற ஆகாய வாகனங்களை எண்ணிப் பார்க்கும்போது, சமண முனிவராகிய திருத்தக்கதேவர் சீவகசிந்தாமணியில் நிர்மாணித்த மயிற்பொறியே என் நெஞ்சில் முந்தி வந்து நிற்கிறது. ஏமாங்கத நாட்டு வேந்தனாகிய சச்சந்தன், அரசபாரத்தை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்புவித்துவிட்டுத் தேவியோடு இன்புற்றிருந்த பிழைக்குரிய பயன் வந்தெய்தும் காலம் அணுகியதை, அவள் கண்ட கனவின் வாயிலாக உணர்ந்து, கருவுற்றிருந்த அவளையேனும் காப்பாற்ற வேண்டுமென்னும் ஒரே நோக்கத்தோடு தச்சனைக் கொண்டு அதனைச் செய்வித்தான். விசையை வலமாகத் திருகினால் மேலெழும்பவும் இடமாகத் திருகினால் தரையிலிறங்கவும் வல்ல அப்பொறியைச் செலுத்தும் முறையையும் அரசிக்கே பயிற்றுவித்தான். அதற்குத் தனிப்பெயர் ஒன்றைக் கவிஞர் சூட்டவில்லை, உருவமே பெயராயிற்று. நெடுந்தூரம் பறக்கமாட்டாத பறவை மயில். அந்தப் பொறியும் நகரத்தின் புறத்தேயிருந்த சுடுகாடு வரையில்தான் சென்றது. செய்தவனது அவசரத்திற்கும் செய்பொருளின் ஆற்றலுக்கும் அதனினும் பொருந்திய பெயர் வேறு கிடைத்திராது.

அதில் ஏறிச் சென்றவளின் பெயரோ விசயை. வெற்றியைக் குறிக்கும் பெயர். கட்டியங்காரனுடைய வெற்றிமுரசின் ஓசை செவியில் விழுந்தபோது, கணவன் மாண்டான் என்பதை அறிந்து அவள் மயங்கினாள், பொறி இறங்கியது, பிணம் சுடும் நிலத்தில் சீவகன் பிறந்தான். மகளுக்கு அப்பெயரை வைத்த தாய்தந்தையர் எத்தகைய எதிர்காலத்தைக் கருதி வைத்திருப்பார்கள்! அவர்களது ஆசையும் கதையின் போக்கும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கிற அந்த இடத்தில்தான் சோகரசம் ஊற்றெடுக்கிறது.

கற்பனை நூல்களில் வரும் எந்தக் கலத்திற்கும் பெயரிடுவோர் இருவர் உளர். கதைக்கு வெளியே எழுதுகோலைப் பிடித்திருக்கும் ஆசிரியர் ஒருவர். கதைக்குள்ளே அக்கலத்தைக் கட்டி, பொருள் செலவிட்டு, தம் மக்களை அதில் ஏற்றி அனுப்புகிறவர் மற்றொருவர். முன்னவர் தாம் அறிந்த முடிவைப் பின்னவரின் வாயில் வைத்துவிடுவாராயின் பெயர் பொய்யாகிவிடும். இக்காலத்து விஞ்ஞானக் கதைகளிலும் திரைப்படங்களிலும் நட்சத்திரங்களை நாடிச் செல்லும் கப்பல்களுக்கு இடப்பெறும் பெயர்களுட் பலவற்றைக் காணும்போது எனக்கு உண்டாகும் வருத்தம் இதனாலேயே ஆகும்.

2007ஆம் ஆண்டில் டேனி பாயில் இயக்கி வெளிவந்த ‘சன்ஷைன்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். 2057ஆம் ஆண்டில் சூரியன் அணைந்து வருகிறது; அதனை மீண்டும் மூட்டுவதற்குரிய வெடிபொருளைச் சுமந்துகொண்டு எட்டுப் பேர் ஒரு கப்பலில் செல்கிறார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே காரியத்தை முன்னிட்டுச் சென்ற கப்பல் திரும்பவில்லை. முன்னதன் பெயர் இகாரஸ். பின்னதன் பெயர் இரண்டாம் இகாரஸ். மெழுகினால் ஒட்டிய சிறகுகளோடு பறந்து, தந்தையின் சொல்லைக் கேளாமல் சூரியனை நெருங்கி, மெழுகு உருகிக் கடலில் வீழ்ந்து மாண்ட கிரேக்கச் சிறுவனே இகாரஸ் என்பதை மேனாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மனித குலத்தின் கடைசி நம்பிக்கையைச் சூரியனிடத்திற்கு அனுப்புகிற ஒரு சமுதாயம், சூரியனால் அழிந்தவனது பெயரை அதற்கு வைக்குமா? ஒருமுறை வைத்துக் கப்பலையும் இழந்த பின்னர் மறுமுறையும் அதையே வைக்குமா? படத்தின் ஒளியமைப்பும் தனிமையின் சித்திரிப்பும் மிகச் சிறந்தவை. ஆயினும் அந்த எண்மரும் மீளார் என்பதைப் பெயர்ப்பலகையே முதற்காட்சியில் அறிவித்துவிடுவதால், விசயையின் பெயரில் நாம் கண்ட முரண்பாட்டிற்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

தோல்வியுற்ற கலத்தின் பெயரை மறுபடி சூட்டுவது தன்னளவில் குற்றமென்று நான் கருதவில்லை. நம் தேசத்திலேயே கண்கூடான உதாரணம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் விக்ரம் என்னும் இறங்குகலம் சந்திரனை நெருங்கிய நிலையில் தொடர்பிழந்து வீழ்ந்தது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3இலிருந்து பிரிந்து சந்திரனின் தென்துருவத்தை அடுத்த பிரதேசத்தில் பத்திரமாக இறங்கிய கலமும் விக்ரம் என்னும் பெயரையே தாங்கியிருந்தது. அது நம் விண்வெளி ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்ட விக்ரம் சாராபாயின் பெயர். வீழ்ச்சியில் உதித்த பெயரன்று அது. ஆதலால் ஒரு வீழ்ச்சி அதனைக் கறைப்படுத்தவில்லை. செய்தவர்கள் தங்கள் குருவின்பால் கொண்டிருந்த பக்தி முதல் தடவையிலும் இரண்டாம் தடவையிலும் ஒன்றாகவே இருந்தது.

இதே காரணம் பற்றி, ‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) என்னும் படத்துக் கப்பலுக்கு எண்டியூரன்ஸ் என்று பெயரிட்டதை நான் குறைகூற மாட்டேன். தென்துருவப் பயணியாகிய ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் 1915இல் தென்துருவக் கடலின் பனிக்கட்டிகளால் நெரிக்கப்பட்டு மூழ்கியது உண்மையே. ஆனால் அதில் சென்ற 28 பேரும் உயிரோடு மீண்டனர். இருப்பிடம் இழந்தும் மக்கள் பிழைப்பார்களா என்பதே அப்படத்தின் கேள்வியாதலால், கப்பல் போயும் ஆட்கள் மீண்ட வரலாற்றைப் பெயரிட்டவர்கள் அறிந்தே தேர்ந்திருப்பார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. 1979இல் வெளியான ‘ஏலியன்’ படத்தில் தாதுப்பொருளை இழுத்துச் செல்லும் கப்பலுக்கு நோஸ்ட்ரோமோ என்னும் பெயர். அது வெள்ளிச் சுரங்கத்தின் ஆசையால் மனிதர் கெடுவதைக் கூறும் ஜோசப் கான்ராடின் 1904ஆம் ஆண்டு நாவலின் பெயர். அறிந்தவர்க்கு அது நுட்பமான குறிப்பு. அறியாதவர்க்கோ பழைய சரக்குக் கப்பலொன்றின் பெயர்போலவே ஒலிக்கும். இருவர்க்கும் கதை கெடுவதில்லை.

கொடியோரின் கலங்களுக்குக் கொடிய பெயர்களையே வைப்பது மற்றொரு குறை. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் சாம்ராஜ்யம் தன் போர்க்கப்பல் வகையை ‘நட்சத்திர நாசினி’ என்னும் பொருள்பட அழைக்கிறது. கொடுமை செய்யும் அரசு தன்னைத் தானே கொடியதென்று விளம்பரப்படுத்திக்கொள்வது அரிது. ஆப்பிரிக்கர்களைப் பிடித்து அடிமைகளாக விற்பதற்கு ஜான் ஹாக்கின்ஸ் 1564இல் கொண்டு சென்ற கப்பலின் பெயர் ‘லூபெக்கின் இயேசு’. முதலாம் எலிசபெத் ராணி அவருக்குக் கொடுத்துதவிய கப்பல் அது. அந்தப் பெயரைக் கேட்கையில் உண்டாகும் நடுக்கம், எந்த நாசினியின் பெயராலும் உண்டாவதில்லை. கொடுமை தனக்குப் புண்ணியப் பெயரையே தேடும் என்பதை உணர்ந்த எழுத்தாளர் கட்டியங்காரனுக்கு ஒரு கலம் தந்தால், அதற்குத் தர்மத்தின் பெயரையே வைப்பார்.

புதுக்கோட்டைச் சீமையின் சித்தன்னவாசலைச் சிறப்பிக்கும் இம்மலரில் இவற்றையெல்லாம் விரித்துரைப்பது பொருந்துமா என்று அன்பர் வினவலாம். பெயர்களைப் பற்றிச் சிந்திப்பதற்கு இக்குன்றத்தைவிடத் தக்க இடத்தை நான் அறியேன். அறிவர் கோயிலின் அர்த்த மண்டபத்து விதானத்திலே தாமரைத் தடாகமும், மீனும் அன்னமும் யானையும் எருமையும், மலர் கொய்யும் பவ்வியர்களாகிய அடியார்களும் தீட்டப்பெற்றிருப்பதை, தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தின் ஒரு பகுதியென்று அறிஞர் கூறுவர். அக்கோயிலைப் புதுக்கிய இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியனின் பெயர், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலமாகிய ஒன்பதாம் நூற்றாண்டுச் சாசனத்தில் இன்றும் நிற்கிறது. சமணர் கண்ட பிரபஞ்சத்தில், விமானங்கள் எனப்படும் தேவருறைவிடங்கள் படிப்படியாக உயர்ந்து செல்கின்றன; அவற்றின் உச்சியிலுள்ள ஐந்து அநுத்தர விமானங்களுக்கு விஜயம், வைஜயந்தம், ஜயந்தம், அபராஜிதம், சர்வார்த்தசித்தி என்று பெயர். முதல் நான்கும் படைத்தலைவன் ஒருவன் தன் போர்க்கலங்களுக்குச் சூட்டத்தக்க வெற்றிப் பெயர்கள். ஆனால் அங்கு உறைவோர் போர் என்பதையே அறியாதவர். வினையை வென்று, வீட்டிற்கு ஓரிரு பிறவித் தொலைவில் நிற்பவர். சர்வார்த்தசித்தியிலிருந்தே ஆதிநாதர் மண்ணுலகிற்கு இறங்கினார் என்பர். எதனை வெற்றியென்று ஒரு கூட்டத்தார் கருதினார்களோ அதனை அவர்கள் வைத்த பெயர்கள் தாமே சொல்லிவிடுகின்றன. மேனாட்டுக் கதைக் கப்பல்கள் நூற்றின் பெயர்களை அடுக்கினும் இந்த ஐந்துக்கு ஒப்பாகுமா என்று எனக்கு ஐயமுண்டு.

குன்றின் மேலே, பாறையின் செங்குத்தான பக்கத்தில் கால்வைக்கும் குழிகள் வழியே சென்றால் ஏழடிப்பட்டம் வரும். அக்குகையில் வழவழப்பாகச் செதுக்கப்பெற்ற கற்படுக்கைகள் 17 உள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்துச் சாசனமும் உண்டு. சில படுக்கைகளின் அருகே பிற்காலத்து எழுத்தில் திருநீலன், திருச்சாத்தன், பூர்ணசந்திரன் என்று துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மனையையும் பொருளையும் உறவையும் துறந்து, சிலர் உணவையும் துறந்து உயிர்நீத்த இடம் அது. அத்தனையும் விட்டவர்க்கும் பெயர் ஒன்று எஞ்சியிருக்கிறது. உடனுறைந்தவர்கள் அதனைக் கல்லில் எழுதும் அளவுக்குப் பெரிதாக மதித்திருக்கிறார்கள்.

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கலங்கள் எழும்புவதைக் காணப்போகும் பிள்ளைகள் அவற்றைப் பற்றிக் கதைகளும் எழுதுவார்கள். அவர்கள் கலத்திற்குப் பெயர் தேடும்போது, குபேரனிடமிருந்து இராவணன் பறித்து, இராமபிரான் திருப்பியனுப்பிய புட்பகத்தின் பெயரே முதலில் கைக்கு எட்டும். எத்தனை பேர் ஏறினும் மேலும் ஒருவர்க்கு இடமிருக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த அந்த விமானத்தின் பெயரை, மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரும் கலத்திற்கு வைக்கும் முன் அவர்கள் ஒருகணம் நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கடலுக்குப் போகிற படகுகளை அவர்கள் சென்று பார்க்கட்டும். தெய்வத்தின் பெயரும், பெற்ற தாயின் பெயரும், கரையில் விட்டுச்செல்லும் குழந்தையின் பெயரும் எழுதப்பட்ட படகுகள் அங்கே கிடைக்கும். வங்கக் கடலில் மூழ்கிய எந்தக் கப்பலின் பெயரையும் எந்த மீனவரும் தம் படகில் எழுதிவைக்க மாட்டார். வியாழனின் சந்திரன்களை நோக்கிச் செல்லும் ஒரு தமிழ்க் கதைக் கலத்தின் புறத்தே, அதைக் கட்டிய பொறியாளர் தம் தாயின் பெயரை எழுதிவைத்திருப்பதாக யாரேனும் எழுதுவாராயின், அந்தக் கதையை நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.